பீஸ் போகாத வீடு

"அம்பது வருஷமா அந்தப் போர்டு ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல தம்பி. நீங்க புதுசு மாட்டின நாள்லேர்ந்து தெனமும் கரன்ட் போகுது."

பழைய வீட்டில் மின்சாரப் பலகையை மாற்றிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. சொல்பவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். தேக்குப் பலகையில் வரிசையாக நின்ற பீங்கான் பீஸ் கட்டைகள் கடைசியாக எப்போது போயின என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அவற்றைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சுவரில் பதித்தார்கள். மறுநாள் காலை இன்டக்‌ஷன் அடுப்பில் பால், பக்கத்தில் கெட்டிலில் வெந்நீர், மிக்ஸியில் சட்னி. 'டப்' என்று ஒரு சத்தம், சமையலறையில் கரன்ட் இல்லை. தூக்கிவிட்டால் வருகிறது, சற்று நேரத்தில் மறுபடி போகிறது. வீட்டிலுள்ள சாமான் எதுவும் மாறவில்லை, சுவருக்குள் ஓடும் வயரும் மாறவில்லை. மாறியது பெட்டி மட்டும்தான். அப்படியானால் கோளாறு பெட்டியில்தானே?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, ஒரு வீட்டை மனத்தில் கட்டிக்கொண்டு அதன் சுவருக்குள் நுழைந்து பார்ப்போம். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். 1974-ல் கட்டிய வீடு. கீழே கூடம், இரண்டு அறை, சமையலறை; மாடியில் ஓர் அறை.

வயருக்காக ஒரு கலிங்கு

அந்த வீட்டுக்கு முதன்முதலில் மின்சாரம் வந்தபோது அதற்கு இருந்த வேலை மிகச் சிறியது. எட்டு குண்டு பல்பு, மூன்று மின்விசிறி, ஒரு ரேடியோ. எல்லாம் சேர்ந்து 600 வாட் இருக்கலாம். வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட் என்று வைத்தால், இவ்வளவுக்கும் 3 ஆம்பியர் கூடத் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டி போட்டால் இன்னொரு 3. மாவு ஆட்டுக்கல்லில் அரைபட்டது. பால் விறகில் காய்ந்தது.

அந்தத் தேவைக்கு ஏற்ற வயரைத்தான் போட்டார்கள். சமையலறைக்குப் போனது 1/18, அதாவது 18-ஆம் கேஜ் செம்புக் கம்பி ஒன்று. தடிமன் 1.2 மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டர் கணக்கு வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் 3/20, 7/20 என்று பழைய பெயர்களில் வயர் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் எண் எத்தனை இழை, இரண்டாவது எண் எந்தக் கேஜ்.

பீங்கான் கட்டைக்குள் இருந்தது, வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்று. அதைத் தமிழில் உருகி என்பார்கள். பெயரிலேயே வேலை இருக்கிறது. ஏரிக்குக் கலிங்கு எதற்கு? கரை உடையாமலிருக்க, தண்ணீர் ஏறும்போது அதற்கென ஒரு தாழ்ந்த இடம். உருகி வயருக்காக வைத்த கலிங்கு. சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறிக் கெடுவதற்கு முன், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பீங்கானின் பாதுகாப்புக்குள் இந்தச் சின்னக் கம்பி உருகிப் பாதையை அறுத்துவிடும்.

உருகி காப்பது வயரை. மிக்ஸியையோ டிவியையோ அல்ல, ஆளையும் அல்ல. பலகையை மாற்றும்போது எழும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒன்றை மறப்பதால்தான் வருகிறது.

சுவருக்குள் எரியும் பல்பு

இப்போது அதே சமையலறைக்கு 2020-களின் ஒரு காலை நேரத்தில் போவோம். ஃபிரிட்ஜ் 1 ஆம்பியர் எடுக்கிறது. 750 வாட் மிக்ஸி 3.3. இன்டக்‌ஷன் அடுப்பை 2,000 வாட்டில் வைத்தால் 8.7. 1,500 வாட் கெட்டில் 6.5. கூட்டினால் 20 ஆம்பியருக்கு மிக அருகில் வருகிறது. ஒரே 1/18 வயர் இத்தனையையும் சுமக்கிறது. பலகையிலிருந்து சமையலறை 15 மீட்டர் தூரம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, அதனால் வயர் 30 மீட்டர்.

செம்பு நல்ல கடத்திதான். ஆனாலும் இந்த 30 மீட்டர் அரை ஓமுக்குச் சற்றே குறைந்த தடையைக் காட்டும். பழைய நாளில் அதிகபட்சம் 5 ஆம்பியர் ஓடியபோது, வயரில் சூடாக வீணானது 11 வாட். இரவு விளக்கு அளவு. நீண்ட சுவரில் அது பரவிப்போய்விடும்.

இன்று ஓட்டம் நான்கு மடங்கு. சூடும் நான்கு மடங்காகி 44 வாட் ஆகும் என்று எதிர்பார்ப்போம். ஆகாது. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. நான்கு மடங்கானால் பதினாறு. ஆகவே, நம் சமையலறை வயர் இப்போது 176 வாட் சூட்டை வெளியிடுகிறது. பூச்சுக்கு அடியில், குழாய்க்குள், காற்றுப் போக வழியில்லாத இடத்தில், மீட்டருக்கு 12 வாட் வீதம். எரிகிற 100 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்குத் தெரியும். அதைப்போல இரண்டுக்குச் சற்றுக் குறைவான சூடு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

செம்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அது உருக 1,085 டிகிரி வேண்டும். பாவம் அதன் மேலிருக்கும் பிவிசி உறைதான். சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரை நீடித்து உழைக்கும்படி செய்யப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் காப்புறையின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. உறை முதலில் விறைக்கும், பிறகு நிறம் மாறும், பிறகு தொட்டால் பொடியாகும். ஒருநாளில் நடப்பதில்லை. தினம் காலை அரைமணி நேரம், வருடக்கணக்கில். வீட்டில் யாருக்கும் அதன் அறிகுறி தெரியாது. அடுப்பு எரியும்போது சமையலறை விளக்கு லேசாக மங்குவதைச் சிலர் கவனித்திருப்பார்கள். அந்த மங்கலில் காணாமற்போன வெளிச்சம்தான் சுவருக்குள் சூடாக இருக்கிறது.

பீஸ் ஏன் போகவில்லை

20 ஆம்பியர் ஓடியும் பீங்கான் கட்டை ஏன் வாயைத் திறக்கவில்லை?

முதல் காரணம் வீட்டாருக்கே தெரியும். ஃபிரிட்ஜ் வந்த புதிதில் 5 ஆம்பியர் கம்பி அடிக்கடி போனது. கடைக்குப் போய் 15 ஆம்பியர் கம்பி வாங்கிவந்து கட்டினார்கள். ஒரு மழைக்கால இரவில் அதுவும் போனபோது கடை ஏது? பழைய வயர்த் துண்டிலிருந்து நாலைந்து இழையை உருவி, முறுக்கிக் கட்டினார்கள். அன்றிலிருந்து பீஸ் போவதே இல்லை. கலிங்கைக் கல்வைத்து அடைத்தாயிற்று. வீட்டைத் திட்டமிட்டு ஆபத்துக்கு உள்ளாக்கிய செயல் அல்ல அது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு விளக்கு வேண்டுமே என்ற அவசரத்தில் செய்தது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. முறையான 15 ஆம்பியர் கம்பியே இருந்திருந்தாலும் போயிருக்காது. கையால் கட்டும் உருகிக் கம்பி, தன் மேல் எழுதிய அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓட்டம் வந்தால்தான் உருகும். 15 ஆம்பியர் கம்பிக்கு 20 ஆம்பியர் சாதாரணம். நாள் முழுக்கத் தாங்கும். அதற்குள் சுவருக்குள் இருப்பது வெந்துகொண்டிருக்கும்.

பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சுகள் சிலவற்றில் இன்னொரு விபரீதமும் உண்டு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் பீஸ் வைத்திருப்பார்கள். நியூட்ரல் பீஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், விசிறி நிற்கும். கரன்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பார்கள். ஃபேஸ் அப்போதும் உயிரோடு அங்கே நிற்கும். பழைய போர்டை மாற்ற இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

இரண்டு காதுள்ள காவல்காரன்

புதுப் பெட்டியில் வரிசையாக நிற்கும் சின்ன நெம்புகோல்களை எம்சிபி என்கிறோம், பேச்சில் ட்ரிப்பர். தமிழில் 'தானறுப்பி' என்று சொல்லிப்பார்க்கலாம். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹியூகோ ஸ்டோட்ஸின் தொழிற்சாலை 1924-ல் இதற்குக் காப்புரிமை பெற்றது. உருகியைக் கழற்றி மாட்டும் இடத்திலேயே திருகிப் பொருத்தும்படி அன்று செய்தார்கள். உருகி ஒருமுறை செத்துக் காப்பது. இது மறுபடி எழுந்து நிற்பது.

இதற்கு இரண்டு காது. ஒன்று மெதுவாகக் கேட்கும். இரண்டு வேறு உலோகத் தகடுகளை ஒட்டிய பட்டை அது. சூட்டில் ஒன்று அதிகம் விரியும், மற்றது குறைவாக, பட்டை வளையும், போதுமான அளவு வளைந்ததும் கொக்கியை விடுவிக்கும். வயர் சூடாவது போலவே இதுவும் மெல்லச் சூடாகிறது. சுவருக்குள் நடப்பதைப் பெட்டிக்குள் நடித்துக்காட்டுகிறது என்றுகூடச் சொல்லலாம். தன் அளவைப்போல 1.13 மடங்கு ஓட்டத்தை ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், 1.45 மடங்கானால் ஒரு மணி நேரத்துக்குள் அறுக்க வேண்டும் என்பது இதற்கு விதி.

இன்னொரு காது உடனே கேட்கும். அது கம்பிச் சுருள். ஃபேஸும் நியூட்ரலும் எங்காவது நேரே தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பட்டை வளையும்வரை காத்திருக்க நேரமில்லை. சுருள் சட்டென்று காந்தமாகி நெம்புகோலைத் தட்டிவிடும். வீடுகளில் அதிகம் மாட்டும் சி வகையில், எழுதிய அளவைப்போல 5 முதல் 10 மடங்குக்குள் இது நடந்தாக வேண்டும். மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் ஐந்து மடங்கு இழுத்தாலும் விழாமலிருக்கவே இந்த இடைவெளி.

நம் சமையலறைக்கு வருவோம். அங்கே இருக்கும் 1/18 வயரைப் பார்த்து எலெக்ட்ரீஷியன் 10 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கிறார். ஓடுவது 20, அதாவது இரண்டு மடங்கு. மெதுவான காது சில நிமிடங்களில் கேட்டுவிடுகிறது. பால் பொங்கும் நேரமும் கரன்ட் போகும் நேரமும் ஒன்றாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

"இருபது ஆம்பியர் ஒண்ணு மாத்திப் போட்டுடு தம்பி. வேலை முடிஞ்சுது."

"போட்டா விழாதும்மா. ஆனா வயரு அதேதானே இருக்கு."

இந்த இடத்தில் மறுத்துச் சொல்லும் எலெக்ட்ரீஷியன் தன் தொழிலைத் தெரிந்தவர். 20 ஆம்பியர் போட்டால், முன்பு முறுக்கிய இழைகள் செய்த அதே காரியத்தைப் புதுப் பெட்டி செய்யும். எம்சிபியின் எண்ணைத் தீர்மானிப்பது அடுப்பு அல்ல. அந்தப் பாதையில் இருப்பதிலேயே மெல்லிய வயர்.

சரியான தீர்வு, பெட்டியிலிருந்து நேரே சமையலறை மேடைக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் தனியாக இழுத்து, அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி போடுவது. அடுப்பும் கெட்டிலும் அதில் போய்விட்டால் 15 ஆம்பியர் ஓடும். 30 மீட்டரில் சூடு 32 வாட்தான். பழைய வயரில் ஃபிரிட்ஜும் மிக்ஸியும் மட்டுமே மிச்சமிருப்பதால், அதன் சூடு ஏறத்தாழ 8 வாட்டாக இறங்கிவிடும். 176 எங்கே, 8 எங்கே! அதே சுவர், அதே சமையல்.

பீஸுக்கு மனிதன் தெரியாது

இதுவரை வயரைக் காத்தோம். ஈரக்கையோடு, வெறுங்காலில், பழுதான கிரைண்டரைத் தொடுகிற ஆளை யார் காப்பது?

ஈரமான உடலின் தடை ஓராயிரம், இரண்டாயிரம் ஓம் இருக்கலாம். 230 வோல்ட் அதில் ஏறத்தாழ 100 முதல் 200 மில்லிஆம்பியர் வரை பாய்ச்சும். ஒரு மில்லிஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர் உருகி உருக வேண்டுமானால் இதைப்போல 50 மடங்குக்கு மேல் வேண்டும். ஒரு 25 வாட் பல்பு எரிய 109 மில்லிஆம்பியர் போகிறது. ஆக, ஒரு மனிதர் உயிர் போகத் துடிக்கும் நேரம், உருகிக்கும் எம்சிபிக்கும் எங்கோ ஒரு சின்ன பல்பு எரிவதாகத்தான் தெரியும். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. ஆனாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் டால்ஸியல், தன்னார்வலர்களை வைத்து ஒன்றைச் சோதித்தார். மின்கம்பியைப் பிடித்த கையைத் தானே விட முடிவது எவ்வளவு ஓட்டம் வரை? ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர். பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் தசைகள் இறுகி, கை கம்பியை விடாது.

புதுப் பெட்டியின் ஆர்சிசிபி இதற்கானது. 'கசிவுக் காவலன்' என்று வைத்துக்கொள்வோம். அதன் வேலை கணக்குப்பிள்ளையின் வேலை. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பியது எவ்வளவு என்று ஓயாமல் ஒப்பிடும். இரண்டு வயரும் ஒரு காந்த வளையத்தின் நடுவே செல்கின்றன. போவதும் வருவதும் சமமானால் ஒன்றன் காந்த விளைவை மற்றது அழித்துவிடும்; வளையம் சும்மா இருக்கும். கிரைண்டரைத் தொட்டவர் உடல் வழியே தரைக்குக் கொஞ்சம் போய்விட்டால், திரும்புவது குறையும். வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் காவலன் அறுத்துவிடும், அதுவும் ஒரு நொடியின் சிறு பங்குக்குள்.

ஷாக்கே அடிக்காது என்று இதற்குப் பொருளில்லை. அடிக்கும், ஆனால் இதயத்தின் துடிப்புக் கலைவதற்கு முன் நின்றுவிடும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் இதுவும் உதவாது. போனது முழுக்கத் திரும்பிவிடுவதால் கணக்குச் சரியாக இருக்கும். நல்ல எர்த் இல்லாத வீட்டில், பழுதான கருவி யாராவது தொடும்வரை காத்திருக்கும். எர்த் இருந்தால், தொடுவதற்கு முன்பே கசிவு தரைக்குப் போய்க் காவலனை எழுப்பிவிடும். ஆகவே பெட்டி மாற்றும் அன்றே எர்த் குழியையும் பார்ப்பது நல்லது.

மாடிப்படி விளக்கு

நம் வீட்டில் கீழ்த்தளத்துக்கு ஒரு காவலன், மாடிக்கு ஒன்று. அடுப்புத் தொல்லை தீர்ந்த மறுநாள் புதிய புகார்: மாடிப்படி விளக்கைப் போட்டால் கீழே முழுக்க இருட்டாகிறது. 9 வாட் எல்இடி பல்பு அது. இத்தனை சின்ன பல்புக்கு இத்தனை பெரிய ரகளையா?

மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் என்று எங்கிருந்தும் போட்டு அணைக்கும் விளக்கு. 1974-ல் வயரிங் செய்தவர் ஃபேஸைக் கீழேயிருந்து எடுத்திருக்கிறார். நியூட்ரலுக்குக் கீழே மறுபடி இறங்குவானேன் என்று, மாடி அறையில் கைக்கு எட்டிய நியூட்ரலில் முடிந்துவிட்டார். பீங்கான் கட்டைகளுக்கு இதில் குறையேதும் தெரியாது. விளக்கு எரியும்.

காவலர்களின் கணக்கில் பாருங்கள். கீழ்த்தளத்துக் காவலனைப் பொறுத்தவரை, போனது திரும்பவில்லை. மாடிக் காவலனுக்கோ, போகாதது வந்திருக்கிறது. 9 வாட் பல்பு குறைந்தபட்சம் 39 மில்லிஆம்பியர் எடுக்கும். 30-ஐத் தாண்டியாயிற்று. ஆளைத் தொட்ட மின்சாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் காண அவற்றால் முடியாது, காணவும் கூடாது. ஒரே ஒரு நியூட்ரலைப் பிரித்துக் கீழ்த்தள நியூட்ரலோடு சேர்த்ததும் அடங்கியது.

அந்தக் கடன் நியூட்ரல் வெறும் கணக்குப் பிழை மட்டும் அல்ல. மாடி எம்சிபியை அணைத்துவிட்டு அங்கே ஒருவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே யாரோ மாடிப்படி விளக்கைப் போடுகிறார்கள். அந்த நேரம் அவர் நியூட்ரல் முடிச்சைப் பிரித்துக் கையில் வைத்திருந்தால், பல்பு வழியே வந்த ஃபேஸ் அவர் கையில் இருக்கும்.

பெட்டியை மாற்றும் வேலையை வீட்டிலிருப்பவர் தானே செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயர் அணையாது. அது மின்வாரியத்தார் நிறுத்தினால்தான் நிற்கும். மீட்டரின் சீலை மற்றவர்கள் தொடவும் கூடாது. லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு செய்வதே முறை.

பெட்டிக்குத் தெரியாத இடம்

எல்லாம் மாட்டியாயிற்று. மெகர் கருவி வைத்து, 500 வோல்ட் கொடுத்து வயர்களின் உறையைச் சோதித்தாயிற்று; ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டுகின்றன. காவலன் மேலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. நம் எலெக்ட்ரீஷியன் இன்னும் புறப்படவில்லை. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஒவ்வொரு பிளக் பாயின்ட்டையும் கழற்றிப் பார்க்கிறார்.

தளர்ந்த ஓர் இணைப்பு, கம்பிக்கும் திருகுக்கும் நடுவே பத்தில் ஒரு பங்கு ஓம் தடையை உண்டாக்கிவிட முடியும். அதன் வழியே 15 ஆம்பியர் ஓடினால், அந்தக் கடுகளவு இடத்தில் 22 வாட் சூடு பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஓட்டம் 15 ஆம்பியரைத் தாண்டாததால் 16 ஆம்பியர் எம்சிபி விழாது. தரைக்கு ஒன்றும் கசியாததால் காவலனும் விழாது. அலுமினிய வயர் போட்ட வீடுகளில் இது இன்னும் மோசம். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். காற்றுப் பட்ட இடத்தில் மின்சாரம் கடத்தாத ஏடு படியும்.

சமையலறை மேடைக்கு மேலிருந்த பழைய பிளக் பாயின்ட்டின் மூடியைக் கழற்றினார். பின்பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறி உப்பியிருந்தது. வயரின் சிவப்பு உறை முனையில் கருத்து, நகம் பட்டதும் உதிர்ந்தது. எத்தனை வருடக் காலைகளோ. வீட்டு அம்மா எட்டிப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. எலெக்ட்ரீஷியன் பழைய சாக்கெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கம்பியைப் பளிச்சென்று செம்பு தெரியும் இடம்வரை இரண்டு அங்குலம் வெட்டி, புது சாக்கெட்டின் திருகுக்குள் நுழைத்து இறுக்கினார்.